மூணு சுழி மணை

சாத்தையா சாமிக்கு ஆசிரமம் கிடையாது. ஒரு பழைய பஸ் இருந்தது.

அதே பஸ்ஸில்தான் அவர் முன்பு கண்டக்டராக இருந்தார். திருமயம், காரைக்குடி, தேவகோட்டை என்று ஓடிய தனியார் பஸ். சில்லறை இல்லாத நாட்களில் பயணிகளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லி இறக்கிவிடுவார். கொஞ்ச காலத்தில், "சில்லறை இருக்கட்டும், அந்த வார்த்தையைச் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. பஸ்ஸுக்கு வயதாகி ஓரங்கட்டியபோது கண்டக்டரையும் சேர்த்து ஓரங்கட்டினார். இரண்டு பேரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள்.

சாத்தையா சீட்டுகளைக் கழற்றினார். இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர் டிரம், நாலைந்து பாத்திரம். மனைவி பொன்னழகையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊர் ஊராகப் போவார்கள். எங்கே மரநிழலும் தண்ணீரும் இருக்கிறதோ அங்கே நிற்பார்கள்.

"சாமியாருக்குப் பெண்டாட்டி எதுக்கு?" என்று ஓர் ஊரில் கேட்டார்கள்.

"சாமியாருக்குச் சோறு எதுக்கோ அதுக்குத்தான்" என்றாள் பொன்னழகு.

சாலை நெடுக 'மனைகள் விற்பனைக்கு' என்று பலகைகள் நிற்கும். சாமி ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிப்பார். பிறகு பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டிக்கொடுப்பார். "எல்லாரும் மனை வாங்கிக் கல்லு நடுறாங்க. நம்ம மனைக்குச் சக்கரம் இருக்கு" என்பார். அதிலிருந்து அந்தப் பஸ்ஸுக்கு மனை என்றே பெயர் ஆகிவிட்டது. மனையைத் துடை, மனைக்கு டீசல் போடு, மனையை நிழலில் நிறுத்து. புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

இப்போது அந்தப் பஸ்ஸும் இல்லை, அந்த நிழல்களில் பாதியும் இல்லை. டீசலும் பொன்னழகு வைக்கும் கருவாட்டுக் குழம்பும் கலந்த அந்த வாசனையை மட்டும் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. சாமியைத் தேடி வந்து உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இது திருமேனியின் கதை.

திருமேனி லாரி ஓட்டியவர். சாமியைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மனைவி வள்ளிக்கண்ணு இறந்துபோய் ஒரு வருஷம்கூட ஆகாத சமயத்தில் ஒருநாள் பஸ்ஸின் எதிரே வந்து நின்றார். கையில் ஒரு துணிப் பை. தோளில் நீலச் சேலையில் கட்டிய ஒரு மூட்டை. சாமியைப் பார்க்கவில்லை. பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. என்னைத் தேடி வந்தீங்களா, பஸ்ஸைத் தேடி வந்தீங்களா?" என்று கேட்டார் சாமி.

"பஸ்ஸைத் தேடித்தான் சாமி. எங்க வீட்டுல இதுலதான் பொறந்த வீட்டுக்குப் போயிட்டு வரும்."

"எங்க உட்காருவாங்க?"

"மூணாவது ஜன்னல்."

சாமி கண்ணை மூடிக்கொண்டார். கண்டக்டர்களுக்கு முகம் மறக்காது என்பார்கள். அது உண்மைதான்.

"கையில ஒரு எலுமிச்சம்பழம் வச்சிருப்பாங்களே, அந்த அக்காவா?"

திருமேனி தலையை மட்டும் ஆட்டினார். வள்ளிக்கண்ணுவுக்குப் பஸ் ஏறினால் குமட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கிலே வைத்துக்கொண்டேதான் அம்மா வீடுவரை போவாள்.

"கண் அசந்தா பழம் கை நழுவிடும். மேடு ஏறினா கடைசி சீட்டுக்கு ஓடும், பள்ளம் இறங்கினா டிரைவர் காலுக்கு ஓடும். நான் போய்ப் பிடிச்சு, சட்டையில துடைச்சுக் கொண்டுவந்து குடுப்பேன். 'தம்பி, இதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுருங்க'ம்பாங்க."

திருமேனி அழுதார். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தார். அன்றைக்கே பஸ்ஸில் ஏறிக்கொண்டார். ஸ்டியரிங் அவர் கைக்குப் போனது. சாமி அவரை அண்ணே என்பார். அவர் சாமியைச் சாமி என்பார். வண்டி விஷயம் என்று வந்துவிட்டால் அங்கே யார் குரு, யார் சீடன் என்று சொல்வது கஷ்டம்.

அந்த நீலச் சேலை மூட்டையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். அதில் என்ன இருக்கிறது என்று பொன்னழகுதான் கேட்டாள்.

"மணைம்மா. ரெண்டு மணை. எங்க கல்யாணத்துல நாங்க உட்கார்ந்தது."

அவிழ்த்தும் காட்டினார். ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அகலம். நல்ல கனம். அடியில் இரண்டு சட்டம். வள்ளிக்கண்ணுவின் அப்பா தன் கொல்லையில் நின்ற பலாமரத்தை அறுத்துச் செய்தது. ஒன்றின் ஓரத்தில் மஞ்சள் கறை இன்னும் இருந்தது. அது அவளுடையது. திருமேனி அதைக் கழுவவே இல்லை.

"ஏன்ணே சாய்ச்சு வைக்கிறீங்க? கட்டிலுக்கு அடியில படுக்க வச்சா இடம் அடைக்காதே."

"மாமனார் சொன்னது தாயி. தாலி கட்டி நாங்க எந்திரிச்சதும் அவரே வந்து ரெண்டு மணையையும் தூக்கிச் சுவத்துல சாய்ச்சாரு. 'மாப்பிள்ளை, ஆள் எந்திரிச்சா மணையைச் சாய்ச்சுரணும். காலி மணை தரையில கெடக்கக் கூடாது, யாரும் மிதிக்கவும் கூடாது'ன்னாரு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல அது சொல்லும், நான் செய்வேன். இப்ப சொல்ல ஆளில்ல. செய்யிறதாவது செய்யணும்ல."

அதிலிருந்து பொன்னழகு வாரம் ஒருமுறை அந்த மூட்டையைத் தூசி தட்டிவைப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு ஐப்பசியில் பொன்னழகு வாய்க்கால் படியில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துபோனது. பக்கத்து டவுனில் ஆபரேஷன் செய்து, இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

"ஒன்றரை மாசம் மல்லாக்கப் படுத்திருக்கணும். கால் அசையக் கூடாது. கட்டில் சரியக் கூடாது. எலும்பு விலகிச்சுன்னா அப்புறம் நடக்கிறது சந்தேகம்" என்றார் டாக்டர்.

டவுனுக்கு அருகே பஸ் நிற்க இடம் வேண்டும். ஒரு கிராமத்தில் கண்மாய்க் கரை ஓரத்தைக் காட்டினார்கள். அதைவிட்டால் வேறு இடம் இல்லை. முன்பக்கம் சரளைத் தரை, நல்ல கெட்டி. பின்பக்கம் கண்மாயை ஒட்டிய களிமண். அதிலும் இடது மூலையில் கால் வைத்தாலே கணுக்கால்வரை போனது.

பொன்னழகின் கட்டில் மூன்றாவது ஜன்னல் ஓரம் கிடந்தது.

திருமேனி நாலு மூலைக்கும் ஜாக்கி கொடுத்தார். பஸ் சமமாக நிற்கிறதா என்று பார்க்க அவருக்கு ஒரே வழிதான் தெரியும். ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைக்கச் சொல்வார். படுத்த மேனிக்குக் கையைத் தொங்கவிட்டு பொன்னழகு வைப்பாள்.

"உருளுதா தாயி?"

"உருளுதுண்ணே. பின்னாடி, இடது பக்கமா."

மூன்று மூலை நின்றுவிட்டது. அந்த இடது மூலைதான் நிற்க மாட்டேன் என்றது. ஜாக்கிக்கு அடியில் செங்கல் வைத்தார். செங்கல் நொறுங்கியது. அம்மிபோல் ஒரு கருங்கல்லை உருட்டிவந்து வைத்தார். அது ஒரு பக்கமாகக் கவிழ்ந்து களிக்குள் போயே போய்விட்டது. பழைய படிக்கட்டின் இரும்புத் தகடு ஒன்று இருந்தது. நீளம் இருந்தாலும் அது கையகலம்தான். மண்ணை வெட்டிக்கொண்டு இறங்கியது.

டவுனுக்குப் போய் ஜாக்கிக்கு அடியில் வைக்கிற ரப்பர் பலகை வாங்கிவந்தார். கறுப்பாக, வட்டமாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாமி வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"கடைக்காரன் என்ன சொன்னான்ணே?"

"இது மாதிரி ரெண்டு பஸ்ஸைத் தாங்கும்னான்."

"தாங்குதா?"

"ரப்பர் தாங்குது சாமி. மண்ணு தாங்கல."

சாமி சிரித்தார். திருமேனிக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஜாக்கிக்கு அடியில வைக்கிறது கெட்டியா இருந்தாப் போதும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. கெட்டித் தரையில அது சரி. சேத்துல கெட்டியும் வேணும், அதைவிட அகலம் வேணும் சாமி. ஒரே எடத்துல அமுக்குனா எந்த மண்ணும் உள்ள இழுக்கும். பாரத்தைப் பரப்பி விடணும்."

"இதை யாரும் எனக்குச் சொல்லித்தரலையேண்ணே. எந்த மாதிரி கட்டை இருந்தா நிக்கும்?"

"மரம்தான். நல்லா வெளைஞ்ச மரம். தண்ணி பட்டா ஊறக் கூடாது, பாரம் ஏறினா வெடிக்கக் கூடாது. பலாப் பலகை மாதிரி..."

சொல்லிவிட்டுத் திருமேனி நாக்கைக் கடித்துக்கொண்டார். பஸ்ஸுக்குள் சுவரோரம் சாய்ந்திருந்த நீலச் சேலை மூட்டையை அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சாமி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

ரப்பருக்கு அடியில் தென்னமட்டையும் சாக்கும் போட்டு எப்படியோ நிறுத்தினார் திருமேனி. தினமும் காலையில் கொஞ்சம் இறங்கியிருக்கும். தினமும் ஏற்றுவார். பொன்னழகு எலுமிச்சம்பழத்தை வைப்பாள். இப்படியே சில நாள் ஓடியது.

அப்புறம் மழை பிடித்தது.

மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி அடைமழை. கண்மாய்த் தண்ணீர் கரை ஓரத்துக்கு வந்துவிட்டது. பின் சக்கரம் பாதி புதைந்தது. பஸ்ஸை இனி ஓட்டி வெளியே எடுக்க முடியாது. ரப்பர், மட்டை, சாக்கு எல்லாம் சேர்ந்து உள்ளே போக, பஸ் இடது பக்கமாகச் சாய ஆரம்பித்தது. கட்டில் வழுக்காமல் இருக்க நானும் இன்னொருவரும் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டினோம். பொன்னழகு கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். வாய் ஓயாத பொம்பளை. அன்றைக்கு அவள் பேசாமல் இருந்ததுதான் எங்களுக்கு அதிக பயம்.

திருமேனி பஸ்ஸுக்கு அடியில் சேற்றில் படுத்திருந்தார். மேலே தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. படியில் நின்று சாமி கத்தினார். அதில் ஒரு துண்டுதான் திருமேனி காதில் விழுந்தது.

"அண்ணே... மணையைக் கீழ வைங்க!"

மிச்சத்தை மழை கொண்டுபோய்விட்டது.

திருமேனி அப்படியே கிடந்தார். அவருக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. இதற்கா இந்த மனுஷனைச் சாமி என்று கூப்பிட்டோம் என்கிற கோபம். ஊரில் வேறு மரமே இல்லையா? உன் பெண்டாட்டி காலுக்கு என் பெண்டாட்டி மணையா? அவள் மஞ்சள் பூசி உட்கார்ந்த பலகையைச் சேற்றில் போட்டு, அதன் மேல் ஒரு பஸ்ஸை ஏற்றச் சொல்கிறாயா? இவரிடமிருந்து இந்த வார்த்தை வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஜாக்கிக் கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு இப்படியே கரையேறிப் போய்விடலாமா என்று இருந்தது.

அப்போது படியிலிருந்து எதுவோ விழுந்து அவர் முகத்துக்கு நேரே சேற்றில் பதிந்தது.

எலுமிச்சம்பழம்.

பஸ் சாய்ந்த சாய்வில் உள்ளேயிருந்து உருண்டு, பின்வாசல் வழியாக வந்து விழுந்திருக்கிறது. திருமேனி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை நீட்டி எடுத்தார். சட்டையில் துடைத்தார். சட்டையெல்லாம் சேறு. துடைக்கத் துடைக்கப் பழம் இன்னும் அழுக்கானது. அடியிலிருந்து வெளியே வந்து மழையில் நீட்டிக் கழுவினார்.

படியேறி உள்ளே வந்தார். பழத்தைப் பொன்னழகு கையில் கொடுத்தார்.

"வச்சுக்க தாயி. நழுவ விட்டுட்ட."

பிறகு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய் நீலச் சேலையின் முடிச்சை அவிழ்த்தார்.

"அண்ணே, அது எதுக்குண்ணே?" என்று பதறினாள் பொன்னழகு.

சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். திருமேனியின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

முதலில் தன்னுடைய மணையை மட்டும் எடுத்துப்போனார். அவளுடையதை டிரைவர் சீட்டில் வைத்துவிட்டுப் போனார். அதை நான் பார்த்தேன். பாதி மனசு கொடுத்தது, பாதி மனசு கொடுக்கவில்லை. மனுஷன் என்றால் அப்படித்தானே இருக்க முடியும்.

களியை வழித்தெடுத்துவிட்டு மணையைப் பதித்து ஜாக்கியை ஏற்றினார். பஸ் கொஞ்சம் நிமிர்ந்தது. நின்றது போலிருந்தது. பிறகு மெல்ல மறுபடியும் இறங்கியது.

"உருளுதா தாயி?"

பொன்னழகுக்குச் சொல்ல மனமில்லை. ஆனால் பொய்யும் அவளுக்கு வராது.

"உருளத்தான் செய்யுதுண்ணே."

திருமேனி கொஞ்ச நேரம் மழையில் நின்றார். மறுபடியும் உள்ளே வந்தார். அவளுடைய மணையை எடுத்தார். மஞ்சள் கறையின் மேல் கட்டைவிரலை ஒருமுறை வைத்துப் பார்த்தார்.

இரண்டு மணையையும் பக்கத்தில் பக்கத்தில், ஒட்டினாற்போல் போட்டார். மஞ்சள் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி குறுக்கே அந்த இரும்புத் தகட்டை வைத்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினார். அடிச்சட்டங்கள் களியைக் கவ்விக்கொண்டன. கம்பியை மிதிக்க மிதிக்க பஸ் முனகிக்கொண்டு எழுந்தது.

"உருளுதா தாயி?"

உள்ளேயிருந்து சத்தம் இல்லை.

"தாயி!"

"இல்லண்ணே" என்றாள் பொன்னழகு. அழுதுவிட்டாள். "நின்னுருச்சுண்ணே. அப்படியே நிக்குது."

மழை சாயங்காலம்வரை பெய்தது. பஸ் அசையவில்லை. திருமேனி டிரைவர் சீட்டில் நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்தார். காலியான நீலச் சேலையை மடித்து மடியில் வைத்திருந்தார். சாமி ஒரு டம்ளரில் சுக்குக் காப்பி கொண்டுபோய் வைத்தார். அதை அவர் தொடவில்லை.

மறுநாள் வெயில் அடித்தது. சோலையப்பன் என்று அந்த ஊர் ரைஸ் மில்காரர், வெளியூர் போயிருந்தவர், காலையில்தான் திரும்பினாராம். விஷயம் கேள்விப்பட்டு டிராக்டரில் ஒரு பாரம் பழைய ரயில்வே சிலீப்பர் கட்டைகளோடு வந்து நின்றார்.

"நேத்து ஊர்ல இருந்திருந்தா நேத்தே வந்திருப்பேன் சாமி. இதை அடியில குடுத்தா யானையே ஏறி நிக்கலாம்."

கட்டைகளைப் பார்த்ததும் திருமேனியின் முகம் மாறியது. நேராகச் சாமியிடம் வந்தார்.

"கட்டை வந்துருச்சு சாமி. இப்பவாவது என் மணையை எடுத்துக்கலாமா? நீங்க சொன்னீங்கன்னுதான் வச்சேன். மனசு கேக்கல. ஆனாலும் வச்சேன்."

சாமி அவரைப் பார்த்தார்.

"நான் என்ன சொன்னேன்ணே?"

"மணையைக் கீழ வைங்கன்னு கத்துனீங்களே."

சாமியின் முகத்தில் வருத்தமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ரெண்டு சுழிண்ணே."

"என்ன சாமி?"

"நான் சொன்னது ரெண்டு சுழி மனை. நம்ம பஸ்ஸை. ஜாக்கியை எறக்கி மனையைக் கீழ வைங்க, நாலு பேரைக் கூப்பிட்டு இவளைக் கட்டிலோட இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போயிரலாம்னு சொன்னேன். உங்க காதுல மூணு சுழி விழுந்திருக்கு."

நம் பக்கத்தில் ரெண்டு சுழியும் மூணு சுழியும் எழுதும்போதுதான் வேறு. வாயில் இரண்டும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் இதற்காக அடி வாங்காதவர் எங்களில் யாரும் இல்லை.

திருமேனி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நீங்க கேக்கவே இல்லையா?"

"நான் எப்படிண்ணே கேப்பேன், அதை?"

"அப்ப நேத்துப் பூரா உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேனே."

"அது தெரிஞ்சுச்சு. சுக்குக் காப்பியே குடிக்கலையே."

பஸ்ஸுக்குள்ளிருந்து பொன்னழகின் குரல் வந்தது. "பள்ளிக்கூடம்வரைக்கும் என்னை அந்த மழையில தூக்கியிருந்தா, கால் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் போய்ச் சேர்ந்திருப்போம். இவரு சொன்னது உங்க காதுல சரியா விழாததே நல்லதுண்ணே."

சோலையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. "கட்டையை எறக்கவா சாமி?" என்றார்.

எல்லோரும் திருமேனியைப் பார்த்தோம். அவர் எழுந்துபோய் பஸ்ஸின் பின்பக்கம் குனிந்தார். இரண்டு மணையும் மண்ணோடு மண்ணாக, ஒன்றோடொன்று ஒட்டி, இரும்புத் தகட்டுக்கு அடியில் கிடந்தன. வெடிப்பு இல்லை. மஞ்சள் கறை இருந்த ஓரம் கொஞ்சம் வெளியே தெரிந்தது. கறை போயிருந்தது. சேறு மட்டுமே இருந்தது.

திரும்பி வந்து சாமியின் முன்னால் நின்றார்.

"சாமி, மாமனார் சொன்ன வார்த்தை ஒண்ணு இருக்கு. மணை தரையில கெடக்கக் கூடாது. எனக்குன்னு எங்க வீட்டுல அது விட்டுட்டுப் போன வேலை இது ஒண்ணுதான். எடுத்துக் கழுவி, பழையபடி சேலையில சுத்தி, சுவத்துல சாய்ச்சு வச்சிரட்டுமா? நீங்க சொல்லுங்க. இந்தத் தடவை சரியாக் கேட்டுக்கிறேன்."

சாமி படியேறி உள்ளே போனார். பொன்னழகு கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை வாங்கினார். மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே தரையில் வைத்தார். கையை எடுத்தார்.

பழம் வைத்த இடத்தில் இருந்தது. ஜன்னல் வழியே வந்த வெயில் அதன்மேல் விழுந்தது. பொன்னழகு பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நின்றபடி ஜன்னல் கம்பிகளுக்கு இடையே திருமேனியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமி ஜன்னல் அருகே குனிந்தார்.

"உங்க மாமனார் என்ன சொன்னாருன்னு இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே."

"ஆள் எந்திரிச்சா மணையைச் சாய்ச்சுரணும். காலி மணை தரையில கெடக்கக் கூடாது."

"எந்த மணை?"

"காலி மணை."

"அது காலியாவா இருக்கு?" என்றார் சாமி.

திருமேனி பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு டிராக்டர் பக்கம் திரும்பி, கட்டைகளை இறக்க வேண்டாம் என்று கையை ஆட்டினார்.